படம் எடுத்த பிறகு ஃபோகஸ்

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்; பிறகு மறு கண்ணை. பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறித் தாவும். இரண்டு கண்ணும் கண்டதை இரண்டு டிரேசிங் பேப்பரில் வரைந்து, விரலோடு விரல் பொருந்த வைத்தால் விரல் தெளிவாக நிற்கும்; சுவர்க் கடிகாரம் இரண்டாகும். தாளைச் சற்று நகர்த்திக் கடிகாரத்தைப் பொருத்தினால் விரல் இரண்டாகும். படம் எடுத்த பிறகு ஃபோகஸை மாற்றும் கலையின் உயிர் இந்த நகர்த்தலில்தான் இருக்கிறது.

கேமரா லென்ஸின் இடது ஓரம் காணும் காட்சி வேறு, வலது ஓரம் காண்பது வேறு. சாதாரணக் கேமராவில் எல்லாம் சென்சாரில் விழும்போதே கலந்துவிடும். எவ்வளவு ஒளி என்பது பதியும்; எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது தொலைந்துபோகும். பிறகு அதை ஊகிக்கலாம், மீட்க முடியாது.

ஃபிலிமின் முன் குட்டி லென்ஸ்களை அடுக்கித் திசையையும் பதியலாம் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் கேப்ரியல் லிப்மன் 1908இலேயே சொன்னார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மாணவர் ரென் இங், 2005இல் 16 மெகாபிக்சல் சென்சாரின் முன் ஏறக்குறைய 90 ஆயிரம் நுண்லென்ஸ்களைப் பொருத்தி, கையில் பிடித்துப் படமெடுக்கும் கேமராவாக்கினார்.

அதன் மூலப்படத்தைப் பெரிதாக்கினால் நெருங்கி அடுக்கிய சின்னஞ்சிறு வட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு நுண்லென்ஸின் பின்னால் விழுந்தது. எல்லா வட்டங்களிலும் ஒரே இடத்துப் பிக்சலைப் பொறுக்கிச் சேர்த்தால், பெரிய லென்ஸின் ஒரு மூலை கண்ட காட்சி முழுதாக வரும். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட காட்சிகள்! கணினி அவற்றை வேண்டிய அளவு நகர்த்திக் கூட்டுகிறது. எது பொருந்துகிறதோ அது துலங்கும், மற்றவை மங்கும்.

விலை பெரிது. வட்டத்துக்கு ஒரு புள்ளிதான் கடைசிப் படத்தில் மிஞ்சும்; எனவே அந்த 16 மெகாபிக்சலிலிருந்து கிடைத்தது பக்கத்துக்கு 300 பிக்சல்கூட இல்லாத படம். ரென் இங்கின் லைட்ரோ நிறுவனம் 2012இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேமராவையும் இந்தக் குறை விடவில்லை. 2018இல் நிறுவனம் மூடப்பட்டது. தோற்றது அந்தப் பெட்டிதான், உள்ளிருந்த எண்ணம் அல்ல என்பேன்.

ஏனெனில் 2017இல் வந்த கூகுள் பிக்சல் 2 போனின் கேமரா சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இரு பாதியாகப் பிளந்திருந்தது: இடது காட்சி ஒன்று, வலது காட்சி ஒன்று. அதன் போர்ட்ரெய்ட் படங்களில் ஆளையும் பின்னணியையும் பிரித்தறிய இவையும் உதவின. கூகுளில் கணினிவழி ஒளிப்படக் குழுவை நடத்திய மார்க் லெவாய், ரென் இங்கின் 2005 ஆய்வுக் கட்டுரையை உடன் எழுதியவர். பிக்சல் 2இன் அந்த இடது, வலது காட்சிகளுக்கு இடையே இருந்த தூரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.