கண்ணனுக்கு நம் கையால் சீடை

ஸ்ரீஜயந்தி என்றவுடன் மாக்கோலத்தில் இட்ட சின்னஞ்சிறு பாதங்களும், வெண்ணெயும், அவலும், முறுக்கும், சீடையும் நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் சீடைக்குத் தனிப் பெருமை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த பெரியாழ்வார், ஆயர்பாடிப் பெண்ணொருத்தி யசோதையிடம் முறையிடுவதைத் தம் திருமொழியில் பாடியிருக்கிறார். இலட்டு, சீடை, எள்ளுருண்டை ஆகியவற்றைக் கலத்தில் இட்டு, தன் வீடுதானே என்று நம்பி வைத்துப் போனாளாம் அவள். கண்ணன் உள்ளே புகுந்து அத்தனையையும் தனதாக்கிக்கொண்டானாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீடை நம் வீட்டுப் பலகாரமாக இருந்தது என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டுமோ?

இன்று தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, நங்கநல்லூர் எங்கும் கோகுலாஷ்டமிக்கு முன்பே இனிப்புக் கடைகளில் சீடைப் பொட்டலங்கள் அடுக்கப்படுகின்றன. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியவர் இருவர் மட்டுமே உள்ள இல்லங்களில் கடைச் சீடையே நைவேத்தியமாகிறது. 'இரண்டு பேருக்காக எண்ணெய் வைப்பதா?' என்பது ஒரு காரணம். 'சீடை வெடிக்கும்' என்ற அச்சம் அதனினும் பெரிய காரணம். அந்த அச்சம் நியாயமானதே. கொதிக்கும் எண்ணெய் முகத்திலும் கையிலும் தெறித்தால் முதியோருக்குப் புண் ஆறப் பல நாளாகும். ஆயினும், வெடிப்பதன் காரணத்தை அறிந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

வெடிப்பது ஏன்?

சீடையை எண்ணெயில் இட்டதும் அதன் மேற்புறம் இறுகி ஓடாகிறது. உள்ளே உள்ள ஈரம் ஆவியாகிப் பன்மடங்கு விரிகிறது. வெளியேற வழி இல்லையெனில், அடைபட்ட ஆவி ஓட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. மாவில் உள்ள கட்டி, குருணை, கரையாத உப்புக்கல், எள்ளோடு வந்த சிறு கல் ஆகியவையும் வெடிப்புக்குக் காரணமாகும். மாவு மில்லில் அரைப்பவர்கள், முன்பு அரைத்த தானியத்தின் குருணை கலந்து வரக்கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

செய்முறை

பச்சரிசியைக் களைந்து ஊறவைத்து, நிழலில் துணியின்மேல் உலர்த்தி அரைக்க வேண்டும். மாவை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து, ஆறியபின் மெல்லிய சல்லடையில் இருமுறை சலிக்க வேண்டும். உளுந்தையும் சிவக்க வறுத்து, அரைத்து, அவ்வாறே சலிக்க வேண்டும். நம் பகுதித் திவ்ய தேசமான திருநீர்மலையில், மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தல வரலாறு. மாவின் ஈரம் போக நாம் அரை நாள் காத்திருப்பது பெரிதன்று.

அரிசி மாவு ஒரு கிண்ணத்துக்கு உளுத்தம் மாவு ஒரு மேஜைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, ஈரம் போக வறுத்த தேங்காய்த் துருவல் இரண்டு மேஜைக்கரண்டி, கல் நீக்கிய எள் அரைத் தேக்கரண்டி, சிறிது பெருங்காயம் சேர்க்கவும். முதலில் வெண்ணெயை மாவில் நன்கு பிசிற வேண்டும். உப்பை நீரில் கரைத்து வடிகட்டி, அந்த நீரைத் தெளித்துப் பிசைய வேண்டும்.

உருட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வழவழப்பாக அழுத்தி உருட்டக் கூடாது. விரல் நுனியால் லேசாக உருட்டினால் மேலே மயிரிழை வெடிப்புகள் தோன்றும். ஆவி வெளியேறும் வழிகள் அவையே. உருண்டைகளைத் துணியில் பரப்பிக் கால் மணி நேரம் உலரவிடவும். பிறகு மிதமான தீயில், முதலில் இரண்டை மட்டும் இட்டு, சற்று விலகி நின்று பார்க்கவும். அவை வெடிக்காமல் வெந்தால் மற்றவற்றைச் சிறிது சிறிதாக இடலாம். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடலாம்.

கவனம் தேவை

வாணலியில் பாதிக்குமேல் எண்ணெய் வேண்டாம். குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். தொங்கும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்வது நல்லது. எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிட வேண்டும். கையில் எண்ணெய் பட்டால் மஞ்சளோ பற்பசையோ தடவாமல், குழாய் நீரில் இருபது நிமிடம் காட்டி, பின் மருத்துவரை நாட வேண்டும்.

பல் இல்லாத பெரியோருக்கு, வெற்றிலை இடிக்கும் சிற்றுரலில் சீடையை இடித்துக் கொடுப்பது அந்நாளைய வழக்கம். இன்றும் அது செய்யத்தக்கதே. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பிரசாதமாக ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு கிண்ணம் மாவு இருவருக்கும் போதும். அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கும் மிஞ்சும். கை நடுங்குகிறவர்கள் உருட்டும் பணியை மட்டும் ஏற்று, அடுப்பருகே நிற்கும் பணியை இளையவர்களிடம் விடலாம். உருட்டக் கற்றுக்கொண்ட குழந்தை, அடுத்த ஆண்டும் தானாகவே உங்கள் வாசலுக்கு வரும். கண்ணனும் அப்படித்தானே வந்தான்!