விற்பவர் வேறு, கடை வேறு!

அமேசான் தளத்தில் பொருள் வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். விற்பவர் யார் என்று அங்கேயே தரப்பட்டிருக்கும் வரியைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

1995-ல் புத்தகக் கடையாகத் திறக்கப்பட்ட இந்தத் தளம், 2000 நவம்பரில் மார்க்கெட்பிளேஸ் என்ற வசதியைத் தந்தது. அமேசானின் சொந்தச் சரக்கு இருக்கும் அதே பக்கத்தில் வெளி வியாபாரிகளும் விற்கலாம். தளமும் பணம் வாங்கும் வசதியும் அமேசானுடையவை, சரக்கு வியாபாரியுடையது. விற்றால் கமிஷன்.

2006-ல் கிடங்கும் கிடைத்தது. வியாபாரி சரக்கை மொத்தமாக அங்கே அனுப்பிவிட்டால் போதும். ஆர்டர் வந்ததும் எடுத்து, பேக் செய்து, அனுப்பி, திரும்பி வந்தால் வாங்கி வைப்பது வரை அமேசான் பார்த்துக் கொள்ளும். இதற்குத் தனிக் கட்டணம். விற்காமல் தூங்கும் சரக்குக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும் (சிறு வியாபாரிகளின் கையைக் கடிப்பது இதுதான்). 1999-ல் தளத்தின் பொருள் விற்பனையில் 3 சதவீதமாக இருந்த வெளி வியாபாரிகளின் பங்கு, 2018-ல் 58 சதவீதமானது.

சிக்கலும் இதில்தான். எந்தப் பொருள் நன்றாகப் போகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவரும் அதே பொருளை விற்கலாம். வியாபாரிகளின் வெளியிடப்படாத விற்பனை விவரங்களைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற அமேசானின் உறுதிமொழியை 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் ஏற்றது.

நீங்கள் ஆர்டர் தரும் முன் விற்பவர் பெயரைக் கிளிக் செய்து, பிறர் தந்த மதிப்பீட்டைப் படியுங்கள். அனுப்புபவரும் அவரே என்றால், பார்சல் தாமதமானால் முதலில் அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.