கண்டக்டர் விசில் போதும்... கிடாரின் குரல் மாறும்!

மாசி தொடங்கி சித்திரை வரை கொங்கு மண்டலத்தில் மெல்லிசைக் குழுக்களுக்கு ஓய்வே கிடையாது. கோவை கோனியம்மன் தேர், ஈரோடு பெரிய மாரியம்மன் பண்டிகை, அவிநாசித் தேர், இடையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி என்று வரிசையாகக் கச்சேரிகள்தான்!

மேடைக்குத் துண்டுச் சீட்டு வருகிறது. 1982-ல் வெளியான 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு வேண்டுமாம். கிடார் துல்லியமாக, மென்மையாக ஒலிக்க வேண்டும். அடுத்த சீட்டில் துள்ளலான புதுப்பாட்டு. அதற்குக் கரகரவென்ற 'டிஸ்டார்ஷன்' வேண்டும். அதற்கடுத்த மெலடிக்கு எதிரொலி போலத் திரும்பி வரும் 'டிலே' வேண்டும். ஒரே கிடாருக்கு இத்தனை குரல்களையும் தருவது, வாசிப்பவரின் காலடியில் இருக்கும் எஃபெக்ட்ஸ் ப்ராசஸர்.

சிக்கல் பாட்டின் நடுவில்தான். சரணம் முடிந்து இடையிசை தொடங்குவதற்குள் டிஸ்டார்ஷனை நிறுத்தி, டிலேயைப் போட்டு, ஒலியளவையும் குறைக்க வேண்டும். கிடைப்பது இரண்டு நொடி. கையோ கம்பியில் இருக்கிறது. ஒரு பட்டன் தவறினாலும் மைதானம் முழுக்கக் கேட்டுவிடும். 'லேப்டாப்பில் ட்ராக்கை ஓடவிட்டுப் பாடினால் செலவு மிச்சமே' என்று விழாக் குழுக்கள் கணக்குப் போடும் காலம் இது. ஆள் வாசிப்பதன் மதிப்பு, அந்த இரண்டு நொடியைச் சமாளிப்பதிலும் இருக்கிறது.

அதற்குக் கைகொடுப்பதுதான் மிடி கன்ட்ரோலர்.

ஒலி அல்ல, உத்தரவு!

மிடி கேபிளில் பாட்டு ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுவது உத்தரவு மட்டுமே. டவுன் பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை. ஆனாலும் பஸ் அவர் சொல் கேட்கிறது. கன்ட்ரோலர் விசில் ஊதும், ப்ராசஸர் வண்டியை ஓட்டும்.

1983-ல் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ், ரோலண்ட் என்ற இரண்டு போட்டி நிறுவனங்களின் கீபோர்டுகள் மிடி மூலம் ஒன்றோடொன்று பேசின. இதற்கு உழைத்த டேவ் ஸ்மித், இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. நம் கச்சேரி மேடைகளுக்கும் மிடி புதிதல்ல. 1985-ல் வந்த ரோலண்டின் முதல் ஆக்டோபேடில் சொந்த ஒலியே கிடையாது. அடித்தால் மிடி உத்தரவு மட்டும் போகும். ஒலியைத் தருவது வேறு கருவி!

காலால் என்னென்ன செய்யலாம்?

'ப்ரோக்ராம் சேஞ்ச்' என்ற உத்தரவு, முன்பே சேமித்து வைத்த அமைப்பை ஒரே மிதியில் கொண்டுவரும். 0 முதல் 127 வரை, மொத்தம் 128 எண்கள். 'கன்ட்ரோல் சேஞ்ச்' என்பது ஒரு குமிழைத் திருகுவதற்குச் சமம். எக்ஸ்பிரஷன் பெடலில் குதிகாலை அழுத்தினால் 0, முன்பாதத்தை அழுத்தினால் 127. வாசித்துக்கொண்டே எதிரொலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். 'மிடி க்ளாக்' ஒரு காலக்கணக்குத் துடிப்புக்கு 24 சிக்னல் அனுப்பும். அதை ஏற்கும் கருவிகளில், ரிதம் வேகத்தோடு டிலேயும் சேர்ந்து நடக்கும்.

ஜெனரேட்டர் இரைச்சல்

திருவிழா மேடையில் பாதி மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்தும் பாதி வேறு லைனிலிருந்தும் வரலாம். அப்போது கருவிகளை வயரால் இணைத்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏற வாய்ப்பு அதிகம். ஐந்து முனை மிடி கேபிளுக்கு இதில் ஒரு நல்ல குணம் உண்டு. உத்தரவைப் பெறும் கருவிக்குள் அது வெளிச்சமாக மாறித்தான் அடுத்த பக்கம் தாண்டுகிறது. இரு கருவிகளின் மின்சாரமும் ஒன்றையொன்று தொடாது. சாதாரண யு.எஸ்.பி. வயரில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வாங்கும் முன்...

● ப்ராசஸரில் 'மிடி இன்' இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பல மாடல்களில் யு.எஸ்.பி. மட்டுமே இருக்கும். இரண்டு பிரிண்டர்களை வயரால் இணைத்தால் எப்படிப் பேசாதோ, அப்படித்தான் யு.எஸ்.பி. கன்ட்ரோலரும் ப்ராசஸரும். நடுவில் கம்ப்யூட்டர் போன்ற ஒரு 'ஹோஸ்ட்' வேண்டும்.

● மிடியில் 16 சேனல்கள். இரு கருவிகளும் ஒரே சேனலில் இருக்க வேண்டும். 'கனெக்‌ஷன் சரி, வேலை செய்யவில்லை' என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

● சில கருவிகள் 0-விலிருந்து எண்ணும், சில 1-லிருந்து. ஐந்தை மிதித்தால் ஆறு வருவது அதனால்தான்.

● கேபிள் 15 மீட்டருக்கு மேல் வேண்டாம்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஒரு அர்டுயினோ போர்டு, சில கால் சுவிட்சுகள், இரண்டு ரெசிஸ்டர், ஒரு ஐந்து முனை சாக்கெட் வைத்து எளிய கன்ட்ரோலரை அவர்களே செய்துவிடலாம். நொடிக்கு 31,250 பிட் என்ற மிடியின் வேகம் அந்தப் போர்டுக்கு எட்டாததல்ல.

ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் செய்யாது. எந்தப் பாட்டுக்கு எந்தக் குரல் என்று காதால் கேட்டு, முன்பே சேமித்து வைப்பது வாசிப்பவரின் வேலை. வீட்டில் ஹெட்போனில் சரியாக இருந்த டிஸ்டார்ஷன், மைதானத்தில் பாடகரின் குரலையே அமுக்கிவிடலாம். அதனால் கச்சேரிக்கு முன் சவுண்ட் செக்கில் ஒவ்வொரு அமைப்பையும் மிதித்துப் பார்த்து, ஒலியளவைச் சமப்படுத்திவிட வேண்டும். அந்த அரைமணி நேரத்தைச் செலவழித்தவருக்கு, எந்தச் சீட்டு வந்தாலும் கவலையில்லை!