டோடோவின் தீவில் தப்பிப் பிழைத்த புறா... பார்த்தால் அடையாளம் தெரியுமா?

டோடோவை எல்லோருக்கும் தெரியும். மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து 17-ம் நூற்றாண்டிலேயே அழிந்துபோன பறவை. அது புறா குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதே தீவில் மயிரிழையில் தப்பிய இன்னொரு சொந்தக்காரர்தான் இளஞ்சிவப்புப் புறா. 1990-களின் தொடக்கத்தில் காட்டில் மிஞ்சியவை சுமார் 10 தான்!

எப்படி இருக்கும்?

பெயரைக் கேட்டு பஞ்சுமிட்டாய் கலரில் தேடினால் ஏமாந்துபோவீங்க. தலையும் நெஞ்சும் வெளிறிய ரோஸ், இறக்கை பழுப்பு, வால் செம்பழுப்பு. அலகின் அடிப்பகுதி சிவப்பு, நுனி வெள்ளை. நம்ம ஊர் மாடப்புறாவை விட சற்றே பெரிது.

இளம் பறவைகளிடம் இந்த ரோஸ் தெரியாது, மங்கிய பழுப்பாகவே இருக்கும். குழப்பம் வருவது இங்கேதான். ஏனென்றால் அங்கே மடகாஸ்கர் புறாவும் உண்டு. அது அளவில் சிறியது, நிறத்தில் அடர்த்தியானது, வால் செம்பழுப்பாக இருக்காது. எனவே சந்தேகம் வந்தால், பறக்கும்போது வாலைப் பாருங்க. கழுத்தில் புள்ளிகள் தெரிந்தால் அது நம்ம ஊரிலும் இருக்கும் புள்ளிப்புறா.

எங்கே பார்க்கலாம்?

தென்மேற்கில் உள்ள பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவில் பார்க்கலாம். அடர்ந்த காடு என்பதால் பொறுமை வேணும். சுலபமான வழி, மஹேபூர் அருகே கடலில் இருக்கும் 'இல் ஓ ஸெக்ரெத்' என்ற குட்டித் தீவு. படகில் போய் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம். எலி, பூனைகளை ஒழித்துவிட்டதால் அங்கே புறாக்கள் பயமில்லாமல் பக்கத்திலேயே உட்காரும்.

அதற்காக தீனி மட்டும் போட்டுடாதீங்க. புறாக்களின் தொண்டையைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய் அங்கே இருக்கு. மடகாஸ்கர் புறா போன்ற வெளியிலிருந்து வந்த இனங்கள் அதைச் சுமக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் கூடித் தின்றால் நோய் பரவும். அதிகம் சாவது குஞ்சுகள்தான்.

காலில் என்ன வளையம்?

பல புறாக்களின் காலில் கலர் வளையங்கள் இருக்கும். எந்தக் காலில், மேலிருந்து கீழாக என்ன கலர் என்று குறித்து வழிகாட்டியிடம் சொல்லுங்க. எது எந்தப் பறவை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

எண்ணிக்கை இப்போது சில நூறுக்கு உயர்ந்து, 2018-ல் 'அழியும் அபாயம்' பட்டியலிலிருந்து ஒரு படி கீழே 'பாதிக்கப்படக்கூடியவை' பிரிவுக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லாமே விரல்விட்டு எண்ணக்கூடிய புறாக்களின் வாரிசுகள். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால் குஞ்சுகள் பிழைப்பது கஷ்டம். எந்தப் புறா எதனுடன் சேருது என்பதைக் கவனிக்கத்தான் அந்த வளையம்.