பேசாத கங்காணி
மரம், கம்பி, வண்ணப்பூச்சு. நியூ லனார்க் பருத்தி நூற்பாலை, ஸ்காட்லாந்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

நீளம் 2 அங்குலம்தான். நான்கு பக்கம், நான்கு நிறம்: கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. தொழிலாளி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி இது கொக்கியில் தொங்கியது. நேற்று அவர் நடந்துகொண்ட விதம் இன்று எந்த நிறம் முன்னால் இருக்கிறதோ அதில் தெரிந்துவிடும். அது தினமும் பேரேட்டிலும் ஏறியது.

கிளைட் ஆற்றோரம் இருந்த இந்த ஆலையை 1800 முதல் நடத்தியவர் ராபர்ட் ஓவன். பிரம்புக்கும் வசவுக்கும் பதிலாக அவர் கண்ட வழி இது. நிறம் அநியாயமாகப் பட்டால் அவரிடமே முறையிடலாம். ஆனால் கட்டையைத் திருப்பும் கை மேற்பார்வையாளருடையது.

வீடு, கடை, பள்ளி எல்லாமே ஆலைக்குச் சொந்தம். கடையில் வந்த லாபம் பள்ளிக்குப் போனது. 10 வயது நிரம்பாத பிள்ளைக்கு ஆலையில் வேலை இல்லை. அமெரிக்காவின் ஏற்றுமதித் தடையால் பஞ்சு விலை ஏறி, நூற்பு நின்ற நான்கு மாதமும் முழுக் கூலி கொடுத்தார். அதன் பிறகுதான் தொழிலாளர்கள் தன்னை நம்பினார்கள் என்று ஓவனே எழுதியிருக்கிறார்.

நம்பிக்கை வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு. அடுப்படி சுத்தமா, படுக்கை சுத்தமா என்று பார்க்க வந்த குழுவுக்கு ஊர்ப் பெண்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மூட்டைப்பூச்சி வேட்டைக்காரர்கள்.