டாக்டர் திரையில், அம்மா நாற்காலியில்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. கண்ணைக் காட்டலாம் என்றால், "நல்லாத்தானேடா தெரியுது" என்பார். அதுதான் ஆபத்து. சர்க்கரையால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. கண்ணைக் காட்ட மதுரைக்குப் போவதென்றால் பஸ் காசு, ஒருநாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி எல்லாம் போகும். பார்வை நன்றாக இருக்கும்போது யார் கிளம்புவார்கள்?

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. இணைய வசதி மோசமாக இருந்த காலத்தில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனிப் பக்கத்து மையங்களை நீண்டதூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள்.

அப்படியொரு மையத்துக்கு அம்மாவை அழைத்துப்போனேன். அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கிறார்கள். அம்மாவின் தாடையைக் கண்ணைப் படமெடுக்கும் கருவியின் தாங்கியில் வைத்து, "அந்த வெளிச்சத்தையே பாருங்கம்மா, இமைக்காதீங்க" என்றார் ஒரு பெண். திரையில் செம்மஞ்சளாக விழித்திரை விரிந்தது. ஓரத்தில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள். தொலைவிலிருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் திரை வழியாக அம்மாவிடமே பேசினார்: "லேசா ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வைங்க. ஆறு மாசத்துல மறுபடி படம் எடுக்கணும்."

என் பேச்சுக்கு அசையாதவர், அந்தப் புள்ளிகளைக் கண்டதும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சைக்கு இப்போதும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். ஆனால் தேவைப்படுபவர்கள் மட்டும் போனால் போதும். தோல் நோய்க்கும் இப்படிப் படம் பார்த்துப் பெரும்பாலும் வழிசொல்ல முடியும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த ஏற்பாடு வரவேண்டும்.