சொந்தத்தில் சம்பந்தமா? கொஞ்சம் யோசியுங்கள்!

எங்கள் ஓமலூர்ப் பக்கம் அக்காளுக்குப் பெண் பிறந்தால், "உனக்குப் பொண்டாட்டி பிறந்துட்டாடா!" என்று தம்பியைக் கேலி செய்வார்கள். சில வீடுகளில் அந்தக் கேலியே கல்யாணமாகவும் முடியும். சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண் முன்னால் இருப்பாள். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25-க்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில்தான்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் சிலவற்றில் குழந்தை ரொம்பச் சின்னத் தலையோடு பிறப்பதுண்டு. அறிவு வளர்ச்சியும் மந்தப்படும். உடனே, "கிரகணத்தன்று வெளியே போனாள்" என்று மருமகள் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள். உண்மைக் காரணம் என்ன, சகோதரிகளே?

ஒரு செல் இரண்டாகப் பிரிந்து பிரிந்துதான் கரு வளர்கிறது. செல்லுக்குள் சென்ட்ரியோல் என்று ஒரு ஜோடிக் குழல்கள் உண்டு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2000-ல் ஒரு பங்குதான்! செல் பிரியுமுன் ஒவ்வொரு குழலும் தன் பக்கத்தில் ஒரே ஒரு புதுக் குழலை உண்டாக்கிக் கொள்ளும். இரண்டு நாலாகி, ஜோடி ஜோடியாக இரு முனைக்கும் போகும். பாவு நூலை இரண்டு பேர் இரு பக்கமும் நின்று பிடிப்பார்களே, அதுபோல நின்று குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கும்.

"ஒன்றுக்கு ஒன்றுதான்" என்று கணக்குப் பார்க்கும் மேஸ்திரி, பி.எல்.கே.4 என்ற புரதம். அதற்குக் கையாள் ஸ்டில் என்ற இன்னொரு புரதம். இவை அளவு மீறினால் குழல்கள் பெருகி, பங்கீடு கோணலாகும். பல புற்றுநோய்ச் செல்களில் இப்படி அதிகப்படிக் குழல்கள் இருக்கின்றன. வேலை குறைந்தாலோ, புதுக் குழல் சரியாக உண்டாகாது. கருவின் மூளைச் செல்கள் வேகவேகமாகப் பிரிய வேண்டியவை. அதனால் அவைதான் முதலில் அடிபடும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் அருண்குமார் குழுவினர், 2009-ல் இப்படிச் சின்னத் தலைக் குழந்தைகள் உள்ள இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். சிலவற்றில் ஸ்டில் மரபணுவிலேயே பழுது இருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தப் பழுது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குழந்தையைப் பாதிக்கும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. தாத்தாவிடம் இருந்த ஒரே பழுது மகன் வழியாகவும், மகள் வயிற்றுப் பேத்தி வழியாகவும் வந்து, கல்யாணத்தில் ஒன்று சேர்ந்துவிடலாம். அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இதில் மருமகள் குற்றம் எங்கே வந்தது?

சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். ருபெல்லா போன்ற தொற்றுகளாலும் தலை சிறுக்கலாம். ஆனால் குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன், அடுத்த கர்ப்பத்துக்கு முன், பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசனை கேளுங்கள். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவை அளந்து அட்டையில் குறித்துத் தரச் சொல்லி நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற நாம் இதையும் பார்க்கலாமே!